டோபமின் ஏற்பிகளும் இதயமும்: வகுப்பிலும் ஐ.சி.யூ.விலும் நேரும் தவறுகள்

ரத்த அழுத்தம் 80/50. சிறுநீர் மணிக்கு 15 மில்லி. கேஸ் ஷீட்டில் ‘டோபமின், ரீனல் டோஸ்’ என்று ஒரு வரி. டோபமின் என்பது விழுந்த ரத்த அழுத்தத்தை ஏற்றச் சொட்டு மருந்தாக விடுவது, ‘ரீனல் டோஸ்’ என்பது சிறுநீரகத்துக்கு என்று கொடுக்கும் குறைந்த அளவு. குறைந்த அளவில் கொடுத்தால் டோபமின் சிறுநீரகத்தை மட்டும் தொடும், சிறுநீர் கூடிவிட்டால் சிறுநீரகம் பிழைத்துவிட்டது, அளவை ஏற்ற ஏற்ற அழுத்தமும் ஏறும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அந்த ஒரு வரியில் அடக்கம். முதல் இரண்டும் தவறு. மூன்றாவதில் பாதிதான் உண்மை, மீதிப் பாதி ஆபத்து.

ஹவுஸ் சர்ஜன்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள், மருந்தியல் படிப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். டோபமின் ஏற்பிகளைத் தொடும் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்குக் கடைசிப் பகுதி உதவும்.

அழுத்தத்தை ஏற்றுவது டோபமின் ஏற்பி என்று எழுதுவது

தேர்வுத்தாளில் அடிக்கடி வரும் தவறு இது. ஏற்பி என்பது செல்லில் மருந்து வந்து ஒட்டும் இடம். டோபமினுக்கு ஐந்து ஏற்பிகள் உண்டு. டி1, டி5 ஒரு குடும்பம். டி2, டி3, டி4 இன்னொரு குடும்பம். டி1 வகை சிறுநீரகம், குடல், இதயம், மூளை ஆகியவற்றின் ரத்தக்குழாய்ச் சுவர்த் தசையில் இருக்கிறது. தூண்டினால் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு கூடும், தசை தளரும், குழாய் விரியும். டி2 வகையில் முக்கியமானது பரிவு நரம்பு முனைகளில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தூண்டினால் அந்த முனையிலிருந்து குழாயை இறுக்கும் நார்அட்ரினலின் வெளிவருவது குறையும், அதனாலும் குழாய் தளரும்.

ஆக, இரண்டு குடும்பங்களுமே ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் பக்கம்தான் நிற்கின்றன. டி1-ஐ மட்டும் தூண்டும் ஃபெனோல்டோபாம் என்ற மருந்து 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது கடுமையான உயர் ரத்த அழுத்தத்தை இறக்குவதற்காக என்பதை நினைவில் வைத்தால் இந்தக் குழப்பம் மறுபடி வராது. டோபமின் சொட்டு மருந்து அழுத்தத்தை ஏற்றுகிறதென்றால், அது இதயத்தின் பீட்டா-1 ஏற்பியையும் ரத்தக்குழாயின் ஆல்ஃபா-1 ஏற்பியையும் பிடித்துக்கொள்வதால். அவை அட்ரினலின் குடும்பத்து ஏற்பிகள்.

இதே இடத்தில் இன்னொரு சறுக்கல்: “சைக்ளிக் ஏ.எம்.பி. கூடினால் தசை சுருங்கும்” என்று பொதுவாக எழுதிவிடுவது. இதயத் தசையில் அது சரி. அங்கே கால்சியம் வழிகள் கூடுதலாகத் திறக்கின்றன, துடிப்பு வலுக்கிறது. ரத்தக்குழாயின் மென்தசையில் அதே சைக்ளிக் ஏ.எம்.பி., சுருக்கத்தைத் தொடங்கி வைக்கும் மயோசின் லைட் செயின் கைனேஸ் என்ற நொதியை அடக்குகிறது. ஒரே தூது இரண்டு தசைகளில் எதிரெதிர் வேலை செய்கிறது. எந்தத் தசை என்று சொல்லாமல் எழுதும் பதில் பாதிப் பதில்தான்.

இதயத்தில் டோபமின் செய்யும் வேலையின் கணிசமான பங்கு மறைமுகமானது என்பதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். டோபமின் நரம்பு முனைக்குள் புகுந்து அங்கே சேமித்திருக்கும் நார்அட்ரினலினை வெளியே தள்ளுகிறது. நெடுநாள் இதயச் செயலிழப்பில் அந்தச் சேமிப்பே வறண்டிருக்கும். மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு நரம்புத் தொடர்பே அறுந்திருக்கும். இவர்களிடம் எதிர்பார்த்த அளவுக்கு இதயம் வலுக்காமல் போவதற்கு இதுதான் காரணம். அப்போது அளவை மேலே மேலே ஏற்றினால் இதயம் வலுப்பதைவிடக் குழாய் இறுகுவதுதான் அதிகமாக நடக்கும். களைத்த இதயத்தின் தலையில் கூடுதல் சுமை ஏறும்.

அளவு எல்லைகளைச் சுவர் என்று நினைப்பது

உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.5 முதல் 3 மைக்ரோகிராம் வரை டோபமின் ஏற்பி, 3 முதல் 10 வரை பீட்டா, 10-க்கு மேல் ஆல்ஃபா. இந்தப் பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம். மனப்பாடம் செய்ய நல்லது, படுக்கையோரத்தில் அப்படியே நம்ப நல்லதல்ல. ஆரோக்கியமானவர்களுக்கே எடைக்கு ஏற்ப ஒரே அளவைச் செலுத்திப் பார்த்தபோது ரத்தத்தில் டோபமினின் அளவு ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபட்டது. கல்லீரலும் சிறுநீரகமும் தளர்ந்த நோயாளியிடம் அந்த வேறுபாடு இன்னும் விரியும். ‘2 மைக்ரோகிராம்தானே ஓடுகிறது’ என்று நிம்மதியாக இருக்கும் நோயாளிக்கே இதயம் 130-இல் ஓடலாம், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புச் சீர்கேடு தொடங்கலாம். அட்டவணையைப் பார்க்க ஒரு முறை போதும். அதன் பிறகு பார்க்க வேண்டியவை நாடித் துடிப்பு, இ.சி.ஜி. மானிட்டர், கை கால் வெதுவெதுப்பு, நகக்கண்ணை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப எடுக்கும் நேரம்.

‘ரீனல் டோஸ்’: இன்னும் சாகாத பழக்கம்

இதற்கு ஒரு நியாயமான தொடக்கம் இருந்தது. 1960-களில் லியான் கோல்ட்பெர்க்கும் உடன் பணியாற்றியவர்களும் டோபமின் சிறுநீரக ரத்த ஓட்டத்தையும் சோடியம் வெளியேற்றத்தையும் கூட்டுவதைக் காட்டினார்கள். அந்தக் கண்டுபிடிப்பு சரியானது. அதிலிருந்து ‘அப்படியானால் சிறுநீரகத்தைக் காப்பாற்றும்’ என்று தாவியதுதான் பிழை.

சிறுநீர் ஏன் கூடுகிறது என்று பார்ப்போம். சிறுநீரக நுண்குழலின் முதற்பகுதியில் டி1 ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றைத் தூண்டினால் சோடியத்தைத் திரும்ப இழுக்கும் இரண்டு இயந்திரங்கள், அதாவது சோடியம்-ஹைட்ரஜன் பரிமாற்றியும் சோடியம்-பொட்டாசியம் பம்ப்பும், மந்தமாகின்றன. இழுக்கப்படாத சோடியம் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு சிறுநீரில் போகிறது. இது ஒரு டையூரெடிக் (சிறுநீரைப் பெருக்கும் மருந்து) செய்யும் வேலை. ஃப்யூரோசமைட் கொடுத்துச் சிறுநீர் கூடினால் ‘சிறுநீரகம் குணமாகிவிட்டது’ என்று யாரும் எழுதுவதில்லை, டோபமினுக்கு மட்டும் எழுதிவிடுகிறோம். போதாததற்கு, முதற்பகுதியில் தப்பிய சோடியம் கீழே இருக்கும் பகுதிகளுக்குக் கூடுதல் வேலை கொடுக்கிறது. சிறுநீரகத்தின் அந்த உட்பகுதி சாதாரண நாளிலேயே ஆக்சிஜன் பற்றாக்குறையின் விளிம்பில் இயங்குவது.

சோதித்தும் பார்த்தாயிற்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தைச் சேர்ந்த 23 ஐ.சி.யூ.க்களில் 328 நோயாளிகளிடம் கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 மைக்ரோகிராம் டோபமினையும் வெறும் கரைசலையும் ஒப்பிட்டுப் பார்த்து 2000-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறிய உச்சம், டயாலிசிஸ் தேவைப்பட்டது, இறப்பு எதிலும் வேறுபாடு இல்லை. 2013-இல் கடும் இதயச் செயலிழப்போடு சிறுநீரகமும் தளர்ந்த 360 பேரிடம் நடந்த ஆய்விலும் குறைந்த அளவு டோபமின் கைகொடுக்கவில்லை. டி1-ஐ மட்டும் தூண்டினால் ஒருவேளை பலிக்குமோ என்று இதய அறுவைக்குப் பின் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 667 பேருக்கு ஃபெனோல்டோபாம் கொடுத்துப் பார்த்தார்கள், 2014-இல் முடிவு வந்தது. டயாலிசிஸ் தேவை குறையவில்லை, ரத்த அழுத்தம் சரிந்தவர்கள்தான் கூடினார்கள்.

‘பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்பது அடுத்த வாதம். கெடுதல் உண்டு. கழுத்துத் தமனியின் பக்கத்தில் இருக்கும் கரோடிட் பாடி ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைக் கண்டறிந்து மூச்சை வேகப்படுத்தும் உறுப்பு. அங்கே இருக்கும் டி2 ஏற்பிகளை டோபமின் தூண்டினால் அந்த எச்சரிக்கை மழுங்கும். வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கும் கட்டத்தில் இருப்பவருக்கு இது வீண் தடை. பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டினையும், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்.சையும் டோபமின் அமுக்கும். டோபமின் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த தைராய்டு பரிசோதனையை வைத்துத் தைராய்டு நோய்க்கு முடிவு கட்டக் கூடாது.

ரத்தத்தில் ஏற்றும் டோபமின் மூளைக்குள் போய் மனநிலையை மாற்றும் என்ற பயமோ ஆசையோ வேண்டாம். ரத்த-மூளைத் தடுப்பை அது தாண்டாது. வாந்தி வருவதற்குக் காரணம், மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் பகுதி அந்தத் தடுப்புக்கு வெளியே இருப்பதுதான்.

சிறுநீர் குறைந்த நோயாளிக்கு உண்மையில் செய்ய வேண்டியவை கவர்ச்சி இல்லாதவை. சிறுநீரை வெளியேற்றும் கதீட்டர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உடலில் நீர் போதுமா என்று பாருங்கள். சராசரித் தமனி அழுத்தத்தை 65-க்கு மேல் நிறுத்துங்கள். அமிக்காசின், ஜென்டாமைசின், டைக்ளோஃபெனாக் போன்று சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்துகள் ஓடுகின்றனவா என்று மருந்துச் சீட்டை மேலிருந்து கீழ்வரை படியுங்கள்.

காலிக் குழாயை இறுக்குவது

நீர் இழந்து அழுத்தம் விழுந்த நோயாளிக்கு முதலில் நீர்தான். செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் தளர்வது) என்றால் முதல் மூன்று மணி நேரத்துக்குள் கிலோவுக்குக் குறைந்தது 30 மில்லி கிரிஸ்டலாய்டு (உப்புக் கரைசல்) என்பது பரவலாகப் பின்பற்றும் தொடக்க அளவு. ரத்தப்போக்கு என்றால் ரத்தம். டெங்கு ஷாக்கில் (டெங்குவால் ரத்த ஓட்டம் சரியும் நிலை) பிளாஸ்மா குழாயை விட்டுக் கசிந்து வெளியேறுகிறது. அங்கே நீர் கொடுக்காமல் டோபமினை ஓட விட்டால் மானிட்டரில் எண் அழகாகும், குடலுக்கும் கல்லீரலுக்கும் போகும் ரத்தம் இன்னும் குறையும். இதயமே பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு நீரைக் கொட்டுவதும் ஆபத்து, டோபமினும் இடது இதயத்தின் நிரப்பு அழுத்தத்தை ஏற்றி மூச்சுத்திணறலைக் கூட்டக்கூடும்.

கையில் இருப்பதால் முதல் மருந்தாக்குவது

நார்அட்ரினலினுக்கு சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் செலுத்தும் குழாய்) வேண்டும், டோபமினைக் கை நரம்பிலேயே (சிரையிலேயே) விடலாம் என்ற எண்ணத்தால்தான் பல இடங்களில் டோபமின் முதலில் ஏறுகிறது. 2010-இல் வெளியான 1,679 நோயாளிகளின் ஒப்பீட்டில் இரண்டு மருந்துகளுக்கும் 28 நாள் இறப்பில் திட்டவட்டமான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் துடிப்புச் சீர்கேடு டோபமின் குழுவில் 24.1 சதவீதம், நார்அட்ரினலின் குழுவில் 12.4 சதவீதம். இதயமே ஷாக்குக்குக் காரணமாக இருந்த 280 பேரைத் தனியாகப் பார்த்தபோது டோபமின் குழுவில் இறப்பும் கூடுதலாக இருந்தது. இன்றைய செப்சிஸ் வழிகாட்டல் நார்அட்ரினலினைத்தான் முதலில் வைக்கிறது. சென்ட்ரல் லைன் வரும்வரை காத்திருக்காமல், முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ இருக்கும் நல்ல நரம்பில் குறுகிய நேரத்துக்கு அதைத் தொடங்கலாம் என்றும் 2021 பதிப்பு சொல்கிறது. கை நரம்பிலிருந்து கசிந்தால் டோபமினும் திசுவைக் கருக்கும், அதற்கு விலக்கு இல்லை.

டோபமினுக்கு இன்னும் இடம் இருப்பது துடிப்பு மிகவும் மந்தமாகி, துடிப்பை ஏற்றும் அட்ரோபினுக்கு அசையாத நோயாளியிடம். கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 முதல் 20 மைக்ரோகிராம், பேஸ்மேக்கர் வரும்வரை பாலமாக.

கணக்கில் வழுக்குவது

டோபமின் ஆம்பூல் நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் 5 மில்லியில் 200 மில்லிகிராம். அதாவது ஒரு மில்லியில் 40 மில்லிகிராம். கலக்காமல் நேரே செலுத்தவே கூடாது. ஒரு ஆம்பூலை 45 மில்லி சலைனோடு சேர்த்து 50 மில்லி ஆக்கினால் மில்லிக்கு 4 மில்லிகிராம். 60 கிலோ நோயாளிக்கு 5 மைக்ரோகிராம் வேண்டுமென்றால்:

60 × 5 = நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம்.
300 × 60 = மணிக்கு 18,000 மைக்ரோகிராம், அதாவது 18 மில்லிகிராம்.
18 ÷ 4 = மணிக்கு 4.5 மில்லி.

தவறு எங்கே நேர்கிறது? அடுத்த ஷிஃப்டில் ஒருவர் இரண்டு ஆம்பூல் போட்டு 50 மில்லி ஆக்குகிறார், பம்ப் அதே 4.5-இல் ஓடுகிறது. நோயாளிக்கு இப்போது 10 மைக்ரோகிராம் போகிறது. ‘மணிக்கு 4.5 மில்லி’ என்று மட்டும் ஒப்படைப்பு சொன்னால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. சிரிஞ்சின் மேல் மருந்து, மொத்த மில்லிகிராம், மொத்த மில்லி, கலந்த நேரம் நான்கும் எழுதியிருக்க வேண்டும், ஒப்படைக்கும்போது கிலோவுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று சொல்ல வேண்டும்.

எளிதான வழி ஒன்று உண்டு. எடையை 3-ஆல் பெருக்கி, அத்தனை மில்லிகிராமை 50 மில்லி ஆக்குங்கள். மணிக்கு 1 மில்லி என்பது கிலோவுக்கு நிமிடத்துக்கு 1 மைக்ரோகிராம் ஆகிவிடும். 60 கிலோவுக்கு 180 மில்லிகிராம், அதாவது 4.5 மில்லி மருந்து, 45.5 மில்லி சலைன். ஒரு வார்டில் இரண்டு முறைகளையும் கலந்து பயன்படுத்துவது கணக்குப் பிழையைவிட மோசம். ஏதாவது ஒன்றை எல்லாரும் பின்பற்றுங்கள்.

பம்ப் இல்லாத இடத்தில், 200 மில்லிகிராமை மொத்தம் 250 மில்லி வரும்படி கலந்தால் மில்லிக்கு 0.8 மில்லிகிராம். மேலே சொன்ன அளவுக்கு மணிக்கு 22.5 மில்லி. மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ டிரிப் செட்டில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 22 சொட்டு. சாதாரண டிரிப் செட்டில் இதை எண்ணி விடுவது நடக்காத காரியம்.

குழாயிலும் பம்ப்பிலும் நேரும் சிறு பிழைகள்

டோபமினின் அரை ஆயுள் (ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் நேரம்) ஏறக்குறைய 2 நிமிடம். சிரிஞ்ச் தீர்ந்து புதியது மாட்டுவதற்குள் அழுத்தம் சரிவது இதனால்தான். பழையது முடியும் முன்பே அடுத்ததைக் கலந்து தயாராக வைத்திருங்கள். நேர்மாறான பிழை, டோபமின் ஓடும் லைனிலேயே வேறு மருந்தைத் தள்ளுவது. குழாய்க்குள் நிற்கும் டோபமின் முழுவதும் ஒரே நொடியில் உள்ளே போய் அழுத்தம் 200-ஐத் தாண்டலாம். டோபமினுக்குத் தனி லைன் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சிரிஞ்ச் பம்ப்பைத் திடீரென உயரத்தில் தூக்கி மாட்டினாலும் கொஞ்சம் மருந்து கூடுதலாக இறங்கிவிடும். ரத்த அழுத்தப் பட்டையை அதே கையில் கட்டினால் ஒவ்வொரு முறை இறுகும்போதும் மருந்து நின்று, விட்டதும் குபுக்கென்று போகும்.

சோடியம் பைகார்பனேட்டோடு சேர்க்காதீர்கள். காரக் கரைசலில் டோபமின் செயலிழக்கும். நிறம் மாறிய கரைசலைக் கொட்டிவிடுங்கள்.

மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால், அந்த இடம் வெளுத்துச் சில்லிட்டுப் போகும். ஆல்ஃபா-1 அங்கிருக்கும் சிறு குழாய்களை இறுக்கிவிட்டது என்று அர்த்தம். சொட்டை நிறுத்துங்கள், ஆனால் ஊசியை உடனே உருவ வேண்டாம். அதன் வழியாக முடிந்த அளவு உறிஞ்சி எடுங்கள். அழுத்தம் விழாமல் இருக்க வேறொரு லைனில் மருந்தைத் தொடருங்கள். வெளுத்த எல்லையைப் பேனாவால் வரையுங்கள். ஆல்ஃபா ஏற்பியைத் தடுக்கும் ஃபென்டோலமின் 5 முதல் 10 மில்லிகிராமை 10 மில்லி சலைனில் கலந்து, மெல்லிய ஊசியால் அந்த எல்லை முழுவதும் தோலுக்கடியில் சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும். 12 மணி நேரத்துக்குள் செய்தால்தான் பலன், முதல் மணி நேரத்திலேயே செய்வது நல்லது. ஐஸ் வைப்பது பெரிய தவறு, ஏற்கெனவே இறுகிய குழாயை அது மேலும் இறுக்கும்.

கூட ஓடும் மருந்துகளைக் கேட்காமல் விடுவது

டோபமினை உடைக்கும் நொதிகளில் ஒன்று மோனோஅமின் ஆக்சிடேஸ். அதைத் தடுக்கும் மருந்தைக் கடந்த இரண்டு மூன்று வாரங்களில் சாப்பிட்டவருக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். லினசோலிட் ஆன்டிபயாடிக் இந்த நொதியைச் சற்றுத் தடுக்கும் என்பது ஐ.சி.யூ.வில் அடிக்கடி மறந்துபோகிறது. டோபமின் ஓடும்போது வலிப்புக்கான ஃபெனிடோயினை நரம்பில் ஏற்றினால் அழுத்தமும் துடிப்பும் சரியலாம். ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அட்ரினல் கட்டி இருப்பவருக்கு டோபமின் கூடாது. வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடும் அவருக்கு அழுத்தத்தை வெடிக்க வைக்கலாம்.

மாத்திரைகளில்: பழியைத் தவறான ஏற்பி மேல் போடுவது

வாயுத் தொல்லைக்கு என்று பான்டோபிரசோலோடு சேர்த்து விற்கும் கேப்ஸ்யூல்களில் டோம்பெரிடோன் இருக்கிறது, பலவற்றில் 30 மில்லிகிராம். இது டி2 ஏற்பியைத் தடுப்பது. அதனால் இதயத் துடிப்பு கெடக்கூடும் என்றதும் டி2-தான் காரணம் என்று பலர் விளக்குகிறார்கள். உண்மையில் அது இதயத் தசையின் ஒரு பொட்டாசிய வழியை அடைப்பதால் இ.சி.ஜி.யில் கியூ.டி. இடைவெளி (இதயக் கீழறைகள் துடித்து மீள எடுக்கும் நேரம்) நீளுகிறது. இது தெரிந்தால்தான் எந்த மருந்தோடு சேர்க்கக் கூடாது என்று தெரியும்: எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல் ஆகியவை டோம்பெரிடோன் உடைவதைத் தடுத்து அதன் அளவை ஏற்றும். ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் வைத்த வரம்பு வேளைக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். மாதக்கணக்கில் தானாகக் கடையில் வாங்கிச் சாப்பிடுபவர்கள், அதிலும் 60 வயதைக் கடந்தவர்கள், மருத்துவரிடம் ஒருமுறை இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்க்கின்சன் நோய்க்கும் புரோலாக்டின் கட்டிக்கும் கொடுக்கும் காபர்கோலின் இதய வால்வைத் தடிக்க வைப்பதிலும் அதே கதை. அது டோபமின் ஏற்பியின் வேலை அல்ல. வால்வில் இருக்கும் செரோடோனின் 2பி ஏற்பியைத் தூண்டுவதால் வருவது. அதனால்தான் அந்த ஏற்பியைத் தொடாத பிராமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவற்றில் வால்வுச் சிக்கல் இல்லை. பார்க்கின்சன் நோய்க்குத் தினமும் கொடுத்த பெரிய அளவுகளில்தான் இந்த ஆபத்து தெளிவாகத் தெரிந்தது. புரோலாக்டின் கட்டிக்கு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ மாத்திரை சாப்பிடுபவர் பயந்துபோய்த் தானாக நிறுத்துவது, சுருங்கிக்கொண்டிருந்த கட்டியை மறுபடி வளர விடுவதில் முடியும். எக்கோ (இதய ஸ்கேன்) எப்போது தேவை என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த இடைவெளியில் எடுத்தால் போதும்.

பார்க்கின்சன் மருந்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான தொல்லை எழுந்து நிற்கும்போது அழுத்தம் விழுவது. நோயே பரிவு நரம்புகளைத் தாக்கியிருக்கும், லெவோடோபாவும் டோபமின் தூண்டிகளும் மீதமிருக்கும் இறுக்கத்தையும் தளர்த்தும். உட்காரவைத்து ஒரே ஒரு முறை அழுத்தம் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று எழுதினால் இது தப்பிவிடும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1-ஆவது நிமிடத்திலும் 3-ஆவது நிமிடத்திலும் ஒவ்வொரு முறை பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். காலை முதல் மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் விழும் அழுத்தம் பெரும்பாலும் கண்ணில் படும்.